புனிதா டீச்சர் நீட்டிய கை

புனிதா டீச்சர் யாரையும் தொடுவதற்கு முன்னால் கேட்பார். "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்பார். எதிரே இருப்பவருக்குப் பேச்சு வராது. கேட்டது புரிந்ததா என்பதும் தெரியாது. ஆனாலும் காத்திருப்பார். தலை அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால்தான் கை கீழே இறங்கும். சாயாவிட்டால், "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று கையை எடுத்துக்கொள்வார்.

என் தம்பி பவித்ரனை முதன்முதலில் அவரிடம் கூட்டிப்போன அன்று நான் பார்த்தது இதைத்தான். தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவன் வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைப் போல இருக்காது என்று சின்ன வயதிலேயே ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். அவனைப் பற்றி எல்லாரும் எங்களிடம்தான் கேட்பார்கள். அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வீட்டில் நாங்களும் கேட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் குளிக்க வைப்போம், சாப்பிட உட்கார வைப்போம். அன்று டீச்சர் கையை நிறுத்தி வைத்துக் காத்திருந்தபோது அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை சாயவில்லை. டீச்சரும் தொடவில்லை. அது சாய்வதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

டீச்சர் வேலை பார்க்கும் நிலையம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது. முன்பு அது ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகை. பால்வெட்டுக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது சுற்றிலும் செம்பனை எண்ணெய் மரங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கொட்டகை மட்டும் நின்றது. கூரையை மாற்றி, வழுக்காத தரை போட்டு, தம்பியைப் போன்ற பெரிய பிள்ளைகளுக்கான பகல்நேர நிலையமாக ஆக்கிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகள் என்றால் இருபது, முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்.

டீச்சர் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். "இங்கதான் மூக்கு ஒழுகிக்கிட்டு உருண்டேன். இப்பவும் இங்கதான் உருண்டுகிட்டு இருக்கேன்" என்பார். நடுவில் பல வருடங்கள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் பேருந்து, திரும்பும்போது இருட்டு. அண்ணிக்குப் பிரசவம் என்று, அண்ணி சமையல் செய்துகொண்டிருந்த இந்த இடத்துக்கு ஒரு வாரம் மாற்றாளாக வந்தார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. சமையலறைக்குள் வந்து பாத்திரங்களை உருட்டியவர்களை வெளியே துரத்தாமல் கூடவே வைத்துக்கொண்டு காய் நறுக்கினார். அதைப் பார்த்துத்தான் அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டீச்சர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கூச்சம். "டீச்சர்னு கூப்புடாதீங்கலா, நான் கணக்குல முட்டை வாங்குனவ" என்பார். நாங்கள் கேட்கவில்லை.

அவருடைய இடது முன்கையில் வட்டமாக ஒரு பல் தழும்பு உண்டு. தினேஸ்வரி என்ற பெண் ஒருநாள் பயந்துபோய்க் கடித்தது. யாராவது அதைப் பார்த்து முகம் சுளித்தால், "இது தினேஸ்வரி போட்ட வளையல்லா, கழட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்தத் தினேஸ்வரிதான் இப்போது அவருக்குத் தினமும் தலை வாரிவிடுகிறாள். கோணல் வகிடோடுதான் டீச்சர் வீட்டுக்குப் போவார்.

பவித்ரனின் சங்கடம் வேறு. கையில் எது கிடைத்தாலும் கீழே போட்டு உடைப்பான். கோபத்தில் இல்லை. உடைகிற சத்தம் கேட்டால் நின்று, தலையைச் சாய்த்து, இன்னொன்றைத் தேடுவான். அப்பா வேலை பார்த்த தோட்டத்தை மூடியபோது அவர் ஒரு சாக்கு நிறைய மங்குகள் கொண்டுவந்திருந்தார். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற பீங்கான் கிண்ணங்கள் அவை. தம்பி ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டான். அப்புறம் எங்கள் வீட்டில் எல்லாமே பிளாஸ்டிக், எவர்சில்வர். உறவுக்காரர்கள் வீடுகளுக்கு நாங்கள் போவதும் நின்றது. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டேன். நான் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

டீச்சருக்கு ஒரு வழக்கம். எந்த வேலையையும் கடைசியிலிருந்துதான் சொல்லிக்கொடுப்பார். சட்டை போடக் கற்றுக்கொடுக்கிறார் என்றால் எல்லாப் பொத்தானையும் அவரே மாட்டிவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் விட்டுவைப்பார். "முடிச்ச சந்தோஷம் மொதல்ல கெடைக்கணும். அப்புறம் மத்தது தானா வரும்" என்பார். பவித்ரனுக்கும் அப்படித்தான். ஒரு துண்டை அவன் கையில் கொடுப்பார். தன் இரண்டு கைகளையும் அதற்குக் கீழே நீட்டுவார். "குடு" என்பார். அவன் விடுவான். துண்டு கையில் விழுந்ததும் "வாங்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான் பாடம். துண்டு, பிறகு பிளாஸ்டிக் மங்கு, பிறகு கண்ணாடிக் கிளாஸ், பிறகு தண்ணீர் உள்ள கிளாஸ். ஒரு தடவைகூட அவர் கை தவறியதில்லை. உடைகிற சத்தத்தைவிட "வாங்கிட்டேன்" என்கிற சத்தம் அவனுக்கு எப்போது பிடித்துப்போனது என்று யாருக்கும் தெரியாது. மெல்ல மெல்ல, நீட்டிய கையில்லாமல் அவன் எதையும் விடுவதே இல்லை என்றாகிவிட்டது.

நான்காவது வருடம் தீபாவளிக்கு முன்பு பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பவித்ரன் தட்டில் தேநீர்க் கிளாஸோடு வந்து அப்பா முன்னால் நின்றான். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து, கையை நீட்டி "குடு" என்று சொல்லும்படி அவருக்குச் சொன்னார். அப்பா சொன்னார். கிளாஸ் அவர் கைக்கு வந்தது. தேநீர் ஆறும்வரை அவர் குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்மவன் கையால டீ குடிச்சிட்டேன் டீச்சர்" என்றார் பிறகு. "நாளைக்குக் கொள்ளிக்குடமும் அவந்தான் தூக்கணும். வேற யாரும் தூக்கக்கூடாது."

"இருங்கண்ணே, அதுக்கு முன்னாடி இன்னும் எவ்வளவோ டீ இருக்கு" என்றார் டீச்சர்.

இருக்கவில்லை. அடுத்த பங்குனியில் ஒரு காலைப்பொழுது அப்பா குளியலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் எடுப்பதாக முடிவானது. ஆயர் தாவாரிலிருந்து சீனி சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார். அப்பாவுக்கு ஒரே தம்பி. பந்தலுக்கு, சவப்பெட்டிக்கு, சடங்கு செய்யும் பண்டாரத்துக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடினார். கொள்ளிக்குடத்தைத் தன் மகன் தனேஸ்வரன் தூக்குவான் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். அம்மா, அப்பாவின் ஆசையைச் சொன்னாள். சித்தப்பா கோபப்படவில்லை. அண்ணன் காரியம் பாதியில் கெட்டுப்போனால் பிறகு நினைத்து நினைத்து அழுவது யார் என்று கேட்டார். பவித்ரன் ஐந்து வயதில் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியைக் காலி செய்ததை அவர் மறக்கவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நான் பின்னால் போய் டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது, அதனால் எழுத்தில். வேறு நிலையத்திலிருந்து வந்த ஒருவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு டீச்சர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா காலடியில் நின்று கும்பிட்டார். பிறகு பவித்ரன் எங்கே என்று கேட்டார்.

அவன் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையை நிறுத்தினார். தலை உடனே சாய்ந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பண்டாரம் நல்ல மனிதர். மகன் இருக்கும்போது மகன் செய்வதுதான் முறை, மொட்டைகூட வேண்டாம், ஒரு கொத்து முடி எடுத்தால் போதும் என்றார். ஆனால் தடங்கல் வந்தால் காத்திருக்க முடியாது, தகனக்கூடத்துக்கு அடுத்த பெட்டி வந்துவிடும் என்றார். பவித்ரன் தூக்குவது, முடியாவிட்டால் தனேஸ்வரன் வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். தனேஸ்வரனும் ஈர வேட்டியோடு தயாராக நின்றான்.

எடுக்கும்வரை இருந்த நேரத்தில் டீச்சர் பவித்ரனைப் பின்புறம் கூட்டிப்போனார். பொங்கல் பானையைக் கேட்டு வாங்கி, பாதி தண்ணீர் ஊற்றி, தோளில் வைத்துக் காட்டினார். பிறகு அவன் தோளில் வைத்தார். பப்பாளி மரத்தைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். முதலில் டீச்சர் முன்னால், பிறகு பக்கத்தில், பிறகு அவன் மட்டும். வேட்டி உறுத்தும் என்று அவனுடைய பழைய அரைக்கால் சட்டைமேல் கட்டிவிட்டார். ஒவ்வொரு முறை சுற்றி முடித்ததும் கையை நீட்டி "குடு" என்பார், பானையை வாங்கி "வாங்கிட்டேன்" என்பார். பிணம் கிடக்கிற வீட்டில் பொங்கல் பானையை உடைக்கவா முடியும்? உடைப்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தகனக்கூடத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். டீச்சர் போகலாமா என்று பேச்சு எழுந்தபோது அம்மா தலைவிரிகோலமாகவே எழுந்து வந்தாள். "டீச்சர் போவாங்க. அக்காக்காரியும் போவா. அவன் தெரிஞ்ச மொகம் இல்லாம நிக்க மாட்டான்" என்றாள். அப்படித்தான் நானும் வண்டியில் ஏறினேன்.

வண்டி பெரிய சாலைக்கு வந்தபோது டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கடைசியைச் சொல்லிக் குடுக்கலியே" என்றார் என் காதருகே. "எல்லாத்தையும் கடைசியிலேருந்து ஆரம்பிக்கிறவ, இன்னிக்குப் பாத்து மொதல்லேருந்து ஆரம்பிச்சிட்டேன். கொள்ளிக்குடத்தைக் கையில குடுக்கறதில்ல. பின்னால போட்டு ஒடைக்கணும்."

பவித்ரன் எங்களுக்கு எதிரே, அப்பாவின் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தகனக்கூடத்தில் முதல் சுற்று நன்றாகவே போனது. பெட்டியைச் சுற்றி, தோளில் குடத்தோடு, பப்பாளி மரத்தைச் சுற்றியது போலவே நிதானமாக நடந்தான். தலைமாட்டுக்கு வந்ததும் பண்டாரம் கத்தி முனையால் குடத்தைக் கொத்தினார். ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. தம்பி நின்றான். முதுகில் வழிந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வலது கையை வளைத்து விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டான்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் இரண்டாவது ஓட்டை. அதற்கு இன்னொரு விரல். மூன்றாவதுக்கும் விரல் இருந்தது. சிந்தாமல் கொண்டுபோக வேண்டும் என்றுதானே அவனுக்குச் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு அவன் கொண்டுவந்த தேநீர் நினைவுக்கு வந்து நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்று முடிந்தது. பண்டாரம் அவனைப் பெட்டிக்கு முதுகு காட்டி நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போடச் சொன்னார். பவித்ரன் போடவில்லை. மறுபடியும் சொன்னார். அவன் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கண்கள் எதையோ தேடின. வேறெதை, நீட்டிய கையைத்தான்.

தனேஸ்வரன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டுத் தன் அப்பா முகத்தைப் பார்த்தான். சித்தப்பா அவனை நிறுத்திவிட்டு டீச்சரிடம் வந்தார். அவருக்கும் அண்ணன் ஆசை நிறைவேற வேண்டும் என்றுதான் இருந்தது. அவசரத்தில் ஒரு வழி சொன்னார்.

"டீச்சர், நீங்க பின்னால நின்னு கையை நீட்டுங்க. அவன் விடுவான். விட்டவொடனே கையை எடுத்துடுங்க. வேலை முடிஞ்சிடும்லா."

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. டீச்சர் மட்டும் அசையவில்லை.

"முடியாதுண்ணே. பானை ஒடஞ்சிரும். நாளைக்கு அவன் யாரு கையை நம்பிக் குடுப்பான்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதற்குமேல் யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாது என்பது அந்தக் குரலில் இருந்தது. வெளியே அடுத்த வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பண்டாரம் கடிகாரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

டீச்சர்தான் மறுபடியும் பேசினார். "மவன் குடுக்கட்டும். தம்பிக்காரரு வாங்கி ஒடைக்கட்டும். ரெண்டும் அண்ணன் ரெத்தந்தானே சாமி, ஒத்துக்குமா?" என்று பண்டாரத்திடம் கேட்டார். பண்டாரம் கொஞ்சம் யோசித்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றார்.

சித்தப்பா பவித்ரனுக்குப் பின்னால் போய் நின்றார். அவனுடைய ஐந்து வயதுக்குப் பிறகு அவர் அவன் பக்கத்தில் நின்றதை நான் பார்த்ததில்லை. கைகளை நீட்டினார். டீச்சர் அவர் கைகளுக்கு அடியில் தன் கைகளை வைத்துத் தாங்கிக்கொண்டார். பவித்ரனின் தோளுக்குமேல் முகத்தைக் கொண்டுபோய் அவன் கண்ணில் படும்படி நின்று, "குடு" என்றார். சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். சித்தப்பாவும் சொன்னார்.

"குடுப்பா."

பவித்ரன் ஓட்டைகளிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். குடத்தைத் தோளிலிருந்து மெல்லப் பின்னால் சாய்த்தான். விட்டான். மிச்சத் தண்ணீர் முழுவதும் சித்தப்பாமேலும் டீச்சர்மேலும் கொட்டியது. குடம் நாலு கைகளில் நின்றது.

"வாங்கிட்டேன்" என்றார் சித்தப்பா.

டீச்சர் சுற்றி ஓடிவந்து பவித்ரனுக்கு முன்னால் நின்றார். "தொடட்டுமா?" என்றார். தலை சாய்ந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளை மூடி, அவன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். அவன் முதுகுக்குப் பின்னால் சித்தப்பா, அண்ணனின் தலைமாட்டில் குடத்தைப் போட்டு உடைத்தார். பவித்ரன் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். சூடத்தையும் அவன்தான் பற்றவைத்தான். அது அவனுக்குப் பழகிய வேலை. நிலையத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அவன்தான் விளக்கேற்றுகிறான்.

வீடு திரும்பி எல்லாரும் குளித்தோம். டீச்சர் மோட்டார் கூடையில் எப்போதும் இருக்கிற மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்வாசலில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தன் தப்பு என்றார். கடைசியை முதலில் சொல்லிக்கொடுத்திருந்தால் அவனே முழுதாகச் செய்திருப்பான் என்றார். "அடுத்த தடவை..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு நாளாக அழுது வீங்கிய முகம்.

"அடுத்தது நாந்தானே. சொல்லுங்க டீச்சர், என்ன வெக்கம்?" என்றாள்.

அம்மாவுக்கு மூத்த மகன் தந்தைக்குக் கொள்ளி வைக்க, இளைய மகன் தாய்க்கு என்ற கணக்கெல்லாம் இல்லை. இருப்பது ஒரே மகன்.

கருமாதிக்கு வந்த தூரத்துச் சித்தி ஒருத்தி, என்ன இருந்தாலும் முறைப்படி நடக்கவில்லை என்று கிணற்றடியில் பேசியது எங்கள் காதிலும் விழுந்தது. சீனி சித்தப்பா அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. ஆனால் ஊருக்குப் போகுமுன் பவித்ரன் எதிரே வந்து கையை நீட்டி நின்றார். கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தான். சித்தப்பா அதை மடித்துக் காருக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நிலையத்துக்குப் பின்னால் புதுப் பாடம் நடக்கிறது. மணலைக் குவித்து, அதற்கு முதுகு காட்டிப் பவித்ரனை நிறுத்துகிறார் டீச்சர். கையில் துண்டு. இந்த முறை டீச்சர் கை நீட்டுவதில்லை. முன்கூட்டியே இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, அவனுக்குக் காட்டிவிடுகிறார். "கை இல்ல. விடு" என்கிறார். ஏமாற்று எதுவும் இல்லாத பாடம். பல வாரங்களாக அவன் விடவில்லை. போன வெள்ளி துண்டின் ஒரு முனை மட்டும் விரலிலிருந்து நழுவியது. மறு முனையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்கே டீச்சர் பூரித்துப்போனார். அடுத்த மாதத்துக்குள் பானைக்கு வந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். கூட வந்திருந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, கால் நீட்டி, தினேஸ்வரி வாரிவிட்ட கோணல் வகிடோடு உட்கார்ந்திருந்தாள்.

"பெலான் பெலான், மெதுவா வந்தா போதும் டீச்சர்" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லலா."